அண்ணனைக் காவல் காத்த வீடு

பத்தொன்பது வயதில் எனக்கு வீட்டில் ஒரு தனி உத்தியோகம் இருந்தது. காலையிலும் மாலையிலும் அண்ணன் மாத்திரை விழுங்கியதும் அவன் முன்னால் போய் நின்று, "வாயத் தொறண்ணே" என்பேன். திறப்பான். "நாக்கத் தூக்கு." தூக்குவான். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறானா என்று டார்ச் விளக்கு அடித்துப் பார்ப்பேன். அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படிப்பட்டவன் என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பான். எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருந்ததில்லை. மாத்திரை உள்ளே போனதா, இல்லையா? எனக்கு அது தெரிந்தால் போதும்.

எழுபதுகளின் நடுவில் அவனுக்கு முதல்முறை மன வியாதி வந்தது. பால் நிறுக்கும் ஸ்டோரில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லி, அன்று வெட்டிய பாலை முழுக்க வடிகாலில் கொட்டினான். அப்புறம் வேலைக்குப் போகவில்லை. சோற்றை முகர்ந்து பார்த்தான். சுவரில் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றான். அப்பா தோட்டத்தில் மண்டோர், ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர். மகன் முன்னால் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் வெளி மாநிலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து, தெளிய வைத்து, ஒரு பை மாத்திரையோடு அனுப்பினார்கள்.

வந்தவன் எங்கள் பழைய அண்ணன்தான். உடம்பு கொஞ்சம் ஊதியிருந்தது, விரல் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அவன் மறுபடியும் விழுந்துவிடக் கூடாது. அப்பா, அம்மா, நான், அவன் என்று நாலு பேருக்கும் வேறு கவலை இல்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம். அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்த்தோம். சிரிக்காமல் இருந்தால் அதற்கும் பார்த்தோம். இரண்டு தடவை குளித்தால் அம்மாவுக்கு மூக்கு வியர்த்துவிடும். ஒரு தடவையும் குளிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். கக்கூசில் கொஞ்சம் நேரமானால் அப்பா வெளியே நின்று செருமுவார். கூட்டாளியோடு பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டு வந்தால், "என்னடா பேசின? அவன் என்ன கேட்டான்? நீ என்ன சொன்ன?" என்று அம்மா பிடித்துக்கொள்வாள். அவன் முதலில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு பாதிக்குச் சொன்னான். பதில் குறையக் குறைய எங்களுக்குச் சந்தேகம் கூடியது.

இதெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று நடந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். மாலை ஏழு மணிக்கு மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுக் குடும்ப செபமாலை சொல்வோம். முடிவில் ஆளுக்கொரு கருத்து வைத்து மன்றாட வேண்டும். ஒருவர் கருத்தைச் சொன்னதும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து எங்களுக்கு அவனை விட்டால் வேறு கருத்தே இல்லை.

அம்மா தொடங்குவாள். "ஆண்டவரே, எம் மகன் இன்னிக்கு மத்தியானம் சோத்த அப்படியே வெச்சிட்டான். அவனுக்கு நல்ல புத்திய குடும்." நாங்கள், கேட்டருளும் என்போம். "ஆண்டவரே, கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்றான். பெத்தவ மேல அவனுக்கு எரக்கம் வரணும்." கேட்டருளும். அம்மா அழுவாள். அடுத்து அப்பா. "காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்கு லேட்டா வந்தான், ஆண்டவரே. ஆளுங்க முன்னால என் மானம் போவுது." கேட்டருளும். அப்புறம் நான். நான் மட்டும் சளைத்தவளா? பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் அவன் சிகரெட் பிடித்ததை ஆண்டவரிடம் சொன்னவள் நான்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு, நடுவில் வெறும் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். இவ்வளவுக்கும் அண்ணன் எங்களோடுதான் முழந்தாளில் நிற்பான். தன்மேல் சொன்ன ஒவ்வொரு புகாருக்கும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அவனும் சேர்ந்து சொல்ல வேண்டும். சொன்னான். சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அம்மா அதையும் கவனித்து, அடுத்த நாள் அதையும் ஆண்டவரிடம் ஒப்படைத்தாள்.

நாங்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அவன்மேல் உயிரையே வைத்திருந்தோம். வையாமல், அடிக்காமல், கடவுளிடம் கேட்கிறோமே, இதைவிட நல்லது என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

ஏழு மாதத்தில் திரும்பவும் சுவரில் காதை வைத்தான்.

மாத்திரையைத் துப்பியிருக்கிறான் என்றேன் நான். டார்ச் அடித்துப் பார்த்த எனக்கே டிமிக்கி கொடுத்துவிட்டானே என்று ஆத்திரமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கோழிக்குழம்பு கொடுத்தாளே, அதில் ஏதோ வைத்துவிட்டாள் என்றாள் அம்மா. அப்பா அன்றோடு அந்த வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். இந்தத் தடவை அலோர் ஸ்டார் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் வைத்தார்கள். திரும்பி வரும்போது மாத்திரையை நிறுத்தி, மாதம் ஒரு ஊசி என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மாதிரி இருந்த டிரெசர் போடுவார். ஊசியை யாரும் துப்ப முடியாது. என் டார்ச் வேலை போனது. எனக்கு நிம்மதி.

அண்ணன் வாயைத் திறந்து காட்டுவது நின்றதே தவிர மற்றதெல்லாம் அப்படியேதான் நடந்தது. சொல்லப்போனால் கூடிவிட்டது. அம்மா அவனுக்குச் சோறு பிசைந்து வைக்க ஆரம்பித்தாள். அவன் பின்னாலேயே பால்வெட்டும் வேலைக்காட்டுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் ஆட்கள் எல்லோர் முன்னாலும், "சட்டப் பொத்தானப் போடுடா" என்று அவளே போட்டுவிட்டாள். அவன் பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போய்விட்டான். அன்று மாலை அந்தப் பொத்தானும் செபத்தில் வந்தது.

எட்டாவது மாதம் திரும்பவும் விழுந்தான்.

ஊசி போட்டும் எப்படி? ஒரே வழிதான் தெரிந்தது. டிரெசர் மருந்தை வெளியே விற்றுவிட்டு வெறும் தண்ணீரைப் போடுகிறார்! நேரே போய், ரிஜிஸ்டரைக் காட்டுங்கள் என்றேன். அவர் வயதானவர், பொறுமைசாலி. என்னை மேலும் கீழும் பார்த்தார். புத்தகத்தை எடுத்துப் போட்டார். ஒரு மாதம்கூட விடாமல் நாள், அளவு, அண்ணனின் கையெழுத்து. மருந்து வந்த கணக்கும் காலிக் குப்பிகளும்கூட அலமாரியில் இருந்தன.

"ஒங்க அண்ணன் ஒரு நாள் லேட்டா வந்ததில்லம்மா," என்றார். "ஊசி போட்டதும் அஞ்சு நிமிசம் அந்த பெஞ்சில உக்காந்துக்கலாமான்னு கேப்பான். சரிம்பேன். ஒரு மணி நேரம் உக்காந்திருப்பான். வீட்டுக்குப் போவ மனசில்லாத மாரி இருக்கும்."

அவர் எங்கள் வீட்டைக் குறை சொல்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணனை மறுபடியும் சேர்த்திருந்த அலோர் ஸ்டார் வார்டில் ஒரு மலாய்க்கார நர்ஸ் இருந்தாள். மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். பார்க்கப் போன என்னைத் தனியாக உட்கார வைத்து மலாயில் கேட்டாள். வீட்டில் அவனோடு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள்? யார் ஏசுவது? யார் அழுவது? அவன் தனியாக இருக்க ஓரிடம் உண்டா? நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். "மருந்து உங்க கையில, வியாதி அவன் மண்டையில. எங்க வீட்டைப் பத்தி எதுக்குக் கேக்கிற?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் வெடித்தேன்.

"மாரா வேணாம், டிக்," என்றாள், சிரிக்காமல். கோபிக்காதே தங்கச்சி என்கிறாள். "மருந்து நல்லாத்தான் வேலை செய்கிறது. இங்கே இரண்டு வாரத்தில் தெளிந்துவிடுகிறான், வீட்டுக்குப் போனால் விழுகிறான். ஏசினாலும் விழுவார்கள், அளவுக்கு மேல் தாங்கினாலும் விழுவார்கள். கொஞ்ச நாள் வேறு எங்காவது இருக்கட்டுமே."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டி முடித்தபோது அந்த ஒரு மணி நேர பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. டிரெசரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருவரும் ஏன் ஒன்றையே சொல்ல வேண்டும்?

நர்ஸ் சொன்னதை அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். என் வாய்க்குப் பக்குவம் ஏது, அதுதான் தப்பாகிவிட்டது. அம்மா இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் மாலை மாதா முன்னால் முழந்தாளிட்டு, லயமே கேட்கும்படி, "ஆண்டவரே, நாந்தான் எம் பிள்ளைய பைத்தியமாக்கினேன்னு எம் மவ சொல்றா. அவள மன்னியும்" என்றாள். அப்பா, கேட்டருளும் என்றார். நானும் சொன்னேன். வேறு என்ன செய்வது? அன்றுதான் அண்ணன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரிந்தது.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். தோட்டத்து மளிகைக்கடைக்கு மசாலாத்தூள் போடுகிற வியாபாரிக்கு அலோர் ஸ்டாரில் அரவை மில் இருந்தது. மல்லி, மிளகாய், மஞ்சள் அரைக்கிற இடம். ஆள் தேவை, மாடியில் தங்கிக்கொள்ளலாம் என்றார். அண்ணனுக்கு என்ன வியாதி என்று அப்பா மறைக்காமல் சொன்னார். அந்த மனிதர், "சரி, வரட்டும்" என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம். எல்லாம் தெரிந்தும் ஒருத்தர் சரி என்கிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது.

அண்ணன் வார்டிலிருந்து நேரே அந்த மில்லுக்குப் போனான். ஒரு வருஷம் போனது. விழவில்லை. இன்னொரு வருஷமும் போனது. அதே ஊசிதான், மாதம் தவறாமல் சைக்கிளில் தானே போய்ப் போட்டுக்கொண்டான். நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அம்மா சொன்னாள், "அந்த மில்லுக்காரன் ஏதோ மருந்து வெச்சு மயக்கி வெச்சிருக்கான். பெத்தவள நெனக்காம ஒரு பிள்ளை எப்படி இருக்கும்? இந்நேரம் துன்னூறு பூசி மதத்த மாத்திவிட்டிருப்பான். நீ போயி பாத்துட்டு வா. சொல்லாமப் போ."

எனக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெற்றவள், கூடப்பிறந்தவள் எல்லாம் உயிரைக் கொடுத்துச் செய்தும் ஆகாதது, யாரோ ஒரு கடைக்காரருக்கு எப்படி ஆயிற்று? விடியற்காலையிலேயே கிளம்பி, பஸ் மாறிப் போய், மில்லுக்கு எதிரே இருந்த சீனன் காப்பிக்கடையில் தூண் மறைவாக உட்கார்ந்தேன். தலையில் முக்காடு வேறு. பெரிய துப்பறியும் ஆள் என்று நினைப்பு.

காலை முழுக்கப் பார்த்தேன். மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. எல்லாம் கை ஜாடைதான். முதலாளி முன்னால் மேசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்து அவர் வாயைத் திறந்தது, நான் எண்ணினேன், நாலு தடவை. ஒரு தடவை மூட்டையைக் காட்டினார். ஒரு தடவை காப்பி வந்திருக்கிறது என்றார். மற்ற இரண்டு என்னவென்று தெரியவில்லை. அண்ணன் ஒரு மணிக்கு வெளியே வந்து, மிளகாய்த் தும்மல் நாலு தும்மி, கழுத்துச் சிலுவையைத் துடைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, சுவரோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. என்னைத் தவிர.

இரண்டு மணிக்கு முதலாளி நேராக என் மேசைக்கு வந்தார். "காலையிலேருந்து உக்காந்திருக்கீங்க. சாப்பிட்டீங்களா, இல்லையா? ஒங்க அண்ணன் அப்பவே சொல்லிருச்சு, தங்கச்சி வந்திருக்கு, தானா வரும்னு."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. மானம் போனால் எனக்குக் கோபம்தான் வரும். "அண்ணனுக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சம்பளம்லா."

"அது இல்ல. அதுக்கு மனசு சரியில்லாத நாள்ல என்ன செய்வீங்க?"

அவர் யோசித்தார். "மெஷின் பக்கம் விட மாட்டேன். மல்லி வறுக்கச் சொல்லுவேன்."

"என்ன ஏதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா அது பதில் சொல்றதுக்கு வறுக்கிறத நிப்பாட்டும், மல்லி கருகிப் போவும். எனக்கு என்னத்துக்கு அந்த வேலை? நாளைக்குச் சரியாயிரும்."

அக்கறை இல்லாத மனிதர் என்று நினைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில், அந்த அக்கறையின்மையில்தான் என் அண்ணன் இரண்டு வருஷமாகத் தூங்கி எழுந்திருக்கிறான் என்றும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்து எனக்கு அழுகையாக வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா ஓய்வு பெற்றார். லயத்தை விட்டு, சுங்கை லாலாங்கில் சின்னதாக ஒரு பலகை வீடு வாங்கிக் குடிபோனோம். அம்மா முதல் வேலையாக அண்ணனுக்கென்று ஒரு அறை கட்டச் சொன்னாள். புதுக் கட்டில், புது மெத்தை. "இனிமே எம் பிள்ளை எங்கிட்டதான் இருக்கும்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நானே இளகிவிட்டேன். இப்போது தனி அறை இருக்கிறது, அம்மாவும் மாறியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு அறையைப் பார்க்கப் போனேன்.

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அடுப்படிச் சுவரில், கட்டிலுக்கு நேராக, ஒரு முழ அளவுக்கு ஜன்னல் வெட்டியிருந்தது.

"இது எதுக்கும்மா?"

"காப்பி குடுக்கத்தான்."

அடுப்பருகே நின்று பார்த்தேன். தலையணை தெரிந்தது. கட்டில் முழுக்கத் தெரிந்தது. படுத்திருப்பவன் எந்தப் பக்கம் புரண்டாலும் தெரியும்.

மறுநாள் அண்ணனை அழைத்து வர என்னைத்தான் அனுப்பினார்கள். மாடிக்குப் போனபோது அவன் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆசைதான். "அம்மா ரூம்பு கட்டியிருக்குன்னு அப்பா எழுதியிருந்தாரு" என்றான். முகம் மலர்ந்திருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவன் மடித்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வராதண்ணே," என்றேன். "நீ ஒண்ணும் தப்பு செய்யல. நாங்கதான் ஒன்ன ரெண்டு தடவ தள்ளிவிட்டோம். மூணாவது தடவ என்னால பாக்க முடியாது."

"அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"மொதலாளி விட மாட்டேங்குறாருன்னு சொல்றேன்."

"பாவம், அவரு என்ன செஞ்சாரு?" என்றான். பிறகு சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் ஆணியில் மாட்டினான். முதலாளியிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். "திட்டிட்டுப் போவட்டும். அலோர் ஸ்டார் வரைக்கும் கேக்கவா போவுது?" என்றார்.

அம்மா திட்டினாள். சாதாரணத் திட்டு இல்லை. "பெத்த பிள்ளைய விட மாட்டேங்குறதுக்கு அவன் யாரு?" என்று கிணற்றடியில், கோயிலில், பாசாரில், பார்த்தவர்களிடம் எல்லாம் கேட்டாள். பஸ் ஏறினால் வாந்தி எடுப்பாள், இல்லாவிட்டால் நேரே போய் அவரை உலுக்கியிருப்பாள். அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காலையில் வருவான். அம்மா கையால் சாப்பிடுவான். நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்துவிடுவான். "மொதலாளி வரச் சொல்லியிருக்காரும்மா" என்பான். ஏழு மணி செபத்துக்கு அவன் இருந்ததே இல்லை. வார்டுக்கும் போகவில்லை, ஒரு நாள்கூட. ஆறு வருஷம் இப்படியே ஓடியது. அம்மா சந்தேகப்படாத ஆளே உலகத்தில் இல்லை. என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. நான் செய்தது அவனுக்காகவா, அந்த வீட்டில் இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லாததாலா என்று என்னை நானேதான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஈரலில் புற்று வந்தது. கடைசி வாரம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் தன்னுடைய பையோடு வந்தான். அவனுக்காகக் கட்டிய அறையில்தான் அம்மாவைப் படுக்க வைத்திருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் போனது. நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. அவன் எழுந்திருக்கவில்லை.

அம்மா கண்ணைத் திறந்தாள். "பஸ்ஸு போயிருச்சேடா. அந்த ஆளு உன்ன விட்டுட்டானா?"

"விட்டுட்டாரும்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா. ஒன்கூடவே இருக்கச் சொன்னாரு."

அம்மா அவன் கையைத் தன் நெஞ்சின்மேல் இழுத்து வைத்துக்கொண்டாள். "அப்ப நல்ல மனுசன்தான்," என்றாள். "நான்தான் அவன கண்டபடி பேசிட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். அண்ணன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.